மினி பிசியில் வயர்டு ஸ்பீட் 94-க்கு மேல் ஏறவில்லை, வைஃபை அதைவிட வேகம்

திருவான்மியூர்_2வதுமாடி:

வணக்கம். ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒரு மினி பிசி: இன்டெல் என்100, 8 ஜிபி ரேம், போர்டிலேயே ரியல்டெக் கிகாபிட் லேன் போர்ட். டெபியன் 12 லினக்ஸ் போட்டு அதில் கோடி என்ற வீடியோ பிளேயர் ஓடுகிறது. வீடியோ எல்லாம் பெட்ரூம் மேஜையில் உள்ள நாஸில் (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி). ஃபைபர் கனெக்‌ஷனின் ஓஎன்டி பெட்டியும் அதே மேஜையில்தான். அங்கிருந்து சுவருக்குள் குழாய் வழியாக ஹாலுக்கு 20 மீட்டர் கேட்6 கேபிள் வருகிறது. ஐஓ பாக்ஸ் (சுவரில் பதிக்கும் லேன் சாக்கெட்) கிடையாது, இரண்டு முனையிலும் நேராக ஆர்ஜே45 க்ரிம்ப் செய்தது.

நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 போட்டால் நாஸிலிருந்து மினி பிசிக்கு 94 எம்பிபிஎஸ். எதிர்த்திசையிலும் அதே 94. ஃபைல் காப்பி செய்தால் விநாடிக்கு 11 எம்பி. கேபிளைப் பிடுங்கிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பார்த்தால் 280 வருகிறது. கேமராவில் 100 எம்பிபிஎஸ்ஸில் எடுத்த 4கே கல்யாண வீடியோக்கள் வைஃபையில் ஓடுகின்றன, வயரில் நின்று நின்று சுற்றுகின்றன. ஆனால் மாலையில் பக்கத்து பிளாட் நெட்வொர்க்குகள் எல்லாம் விழித்துக்கொண்டால் வைஃபையும் தள்ளாடுகிறது, அதனால் வயர்தான் வேண்டும்.

அப்டேட் எல்லாம் செய்தாயிற்று. வேறு ஓஎஸ்ஸை பென் டிரைவிலிருந்து பூட் செய்தும் அதே 94. லேன் சிப் போய்விட்டதா? யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கினால் சரியாகுமா?

பெரம்பூர்_ஸ்விட்ச்:

அடாப்டர் வாங்க வேண்டாம் சார், இப்போதைக்கு. 94 என்கிற எண்ணிலேயே பாதி பதில் இருக்கிறது.

1500 பைட் பாக்கெட் ஒன்று வயரில் போகும்போது ஈதர்நெட் தலைப்பு, முன்குறி, இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்ந்து 1538 பைட் இடம் பிடிக்கும். அதில் உங்கள் டேட்டா 1448 பைட்தான். 94.1 சதவீதம். ஆகவே 100 எம்பிபிஎஸ் லிங்கில் அதிகபட்சம் 94, கிகாபிட் லிங்கில் 941. இரு திசையிலும் ஆடாமல் அசையாமல் 94 நிற்கிறது என்றால், வழியில் ஏதோ ஒரு இணைப்பு 100-இல் பேசுகிறது, அந்த 100 சிந்தாமல் முழுசாகக் கிடைக்கிறது. டிரைவர் கோளாறோ டிஸ்க் மந்தமோ இப்படி ஒரே எண்ணில் நிற்காது, 60, 210, 400 என்று அலையும்.

எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க மினி பிசியில் எத்டூல் கமாண்டை லேன் போர்ட்டின் பெயரோடு கொடுங்கள். இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, ஸ்பீட் என்ற வரி. இன்னொன்று, லிங்க் பார்ட்னர் அட்வர்டைஸ்டு என்ற பட்டியல். எதிர்முனை தன்னால் எந்தெந்த வேகம் முடியும் என்று சொல்வது அதுதான், பலரும் அதைப் பார்ப்பதே இல்லை.

அந்தப் பட்டியலில் 1000பேஸ்-டி இல்லையென்றால் எதிரே இருக்கும் போர்ட்டே 100 போர்ட். ஓஎன்டி பெட்டிகளில் 4 லேன் போர்ட் இருந்தும் ஒன்று மட்டும் கிகாபிட், மற்றவை 100 என்பது சகஜம். பெட்டியின் பின்பக்கம் ஜிஇ (கிகாபிட்), எஃப்இ (100) என்று எழுதியிருக்கும். நாஸ் ஜிஇ-யிலும் மினி பிசி எஃப்இ-யிலும் இருந்தால் கதை முடிந்தது. அப்படியானால் 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று போதும். நாஸும் மினி பிசியும் ஸ்விட்சில், ஸ்விட்சிலிருந்து ஒரே ஒரு கேபிள் ஓஎன்டியின் ஜிஇ போர்ட்டுக்கு. வீட்டுக்குள் ஓடும் டேட்டா அதன்பின் ஓஎன்டியைத் தொடாது.

பட்டியலில் 1000 இருந்தும் ஸ்பீட் 100 என்று காட்டினால் கேபிள். கெர்னல் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜிலும் ஒருமுறை தேடுங்கள், வேகம் இறங்கியதைச் சொல்லும் டவுன்ஷிஃப்ட் என்ற சொல் வருகிறதா என்று. நாஸ் பக்கத்து லிங்கையும் மறக்காமல் பாருங்கள்.

தாம்பரம்_லைன்:

ஒண்ணு மட்டும் சேர்த்துச் சொல்றேன் ப்ரோ. ஸ்பீட் ஏறலைன்னு ஆட்டோ நெகோஷியேஷனை ஆஃப் பண்ணிட்டு வேகத்தைக் கையால பூட்டாதீங்க. காப்பர் கிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம், யாரோட கடிகாரத்தை யார் பின்பற்றணும்னு ரெண்டு முனையும் அதுலதான் பேசி முடிவு பண்ணுது. ஒரு பக்கம் 100 ஃபுல்னு பூட்டி மறுபக்கம் ஆட்டோவில் இருந்தா, ஆட்டோ பக்கம் வேகத்தைக் கண்டுபிடிக்கும், டூப்ளெக்ஸைக் (ஒரே நேரத்துல ரெண்டு திசையிலும் பேசுறதா, மாறி மாறியா) கண்டுபிடிக்க முடியாது, மாறி மாறிப் பேசுற ஹாஃப்ல உட்காரும். அப்புறம் 94-கூட கிடைக்காது, மோதல் மேல மோதலா ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்.

திருவான்மியூர்_2வதுமாடி:

நன்றி. எத்டூலில் ஸ்பீட் 100, டூப்ளெக்ஸ் ஃபுல். எதிர்முனைப் பட்டியலில் 1000பேஸ்-டி ஃபுல் இருக்கிறது. டிமெசேஜில் ‘டவுன்ஷிஃப்ட்’ என்று தொடங்கி ‘செக் கேபிளிங்’ என்று முடியும் வரி இருந்தது. மினி பிசியை மேஜைக்கே கொண்டுபோய் 1 மீட்டர் பேட்ச் கார்டில் மாட்டினால் 1000, ஐபெர்ஃப் 940. நாஸ் லிங்க்கும் 1000.

எலக்ட்ரிஷியன் வந்து இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாக க்ரிம்ப் செய்தார். டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிகின்றன. ஆனால் இப்போது லிங்க் சில நேரம் 1000, சில நேரம் 100. 1000 காட்டும்போதும் ஐபெர்ஃப் 250-லிருந்து 400 வரை அலைகிறது, மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகளைக் காட்டும் ரீட்ர் என்ற பத்தியில் எண் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. கலர் வரிசை இரு பக்கமும் ஒன்றுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன்.

ராயபுரம்_க்ரிம்ப்:

கலர் வரிசையை எழுதியது நல்லதாயிற்று. கோளாறு அதில்தான் இருக்கிறது.

பழைய கோளாறிலிருந்து வருகிறேன். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம் அல்லது பிரவுன் ஜோடியில் ஒரே ஒரு கம்பி தொடர்பு விட்டால் 100 பிழையின்றி ஓடும், 1000 எழாது. வேகப் பேச்சுவார்த்தையும் 1, 2, 3, 6-இலேயே நடப்பதால் இரண்டு முனையும் “1000-க்குத் தயார்” என்று ஒத்துக்கொள்ளும், பிறகு நான்கு ஜோடியிலும் முயன்று தோற்று, 100-க்கு இறங்கும். லிங்க் விளக்கு எரியச் சில விநாடி கூடுதலாக எடுத்திருக்குமே, அதற்குக் காரணம் இதுதான். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று பட்டு, பூச்சு மெலிந்த பின்களில் பச்சை படிவது வழக்கம். பழைய கனெக்டரைத் தூக்கி எறியவில்லையென்றால் வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள்.

இப்போதைய கோளாறு வேறு. கேபிளுக்குள் ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியிருப்பது அழகுக்கல்ல. ஒரு கம்பியில் போகும் சிக்னலுக்கு நேர் எதிரான சிக்னல் அதன் ஜோடிக் கம்பியில் போகிறது. முறுக்கின் காரணமாக வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து கழிந்துவிடும். போர்ட்டைப் பொறுத்தவரை ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8. உங்கள் வரிசையில் 3-இல் வெள்ளை-பச்சை, 6-இல் நீலம். 4-இல் பச்சை, 5-இல் வெள்ளை-நீலம். அதாவது இரண்டு வெவ்வேறு முறுக்குகளிலிருந்து ஆளுக்கொரு கம்பியை எடுத்து ஜோடி சேர்த்தாயிற்று. 20 மீட்டரும் அவை ஒன்றின் சிக்னலை மற்றொன்றின் மேல் கொட்டுகின்றன. இதற்கு ஸ்பிளிட் பேர் என்று பெயர். விளக்கு டெஸ்டர் இதைக் காட்டவே காட்டாது. இந்த முனை 3 அந்த முனை 3-ஐத் தொடுகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ‘இரண்டு பக்கமும் ஒரே வரிசை என்றால் போதும்’ என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ வீட்டுக் கேபிள்கள் இப்படிக் கெட்டுக் கிடக்கின்றன. ஒரே வரிசையாகவும் இருக்க வேண்டும், அது சரியான வரிசையாகவும் இருக்க வேண்டும்.

டி568பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கனெக்டரின் கிளிப் கீழே, தங்க நிறப் பின்கள் உங்களைப் பார்த்து, கேபிள் உங்கள் பக்கமிருந்து நுழைகிற மாதிரி பிடித்தால் இடது ஓரம் 1.

புதிய கனெக்டர் போடுவதற்கு முன் ஒரு சோதனை. கேபிள் மேலே கேட்6 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே செம்புதானா என்று பார்த்துவிடுங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சிசிஏ கேபிள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கிறது. முதலில் கேபிளை இரு முனையிலும் எல்லாப் பெட்டியிலிருந்தும் கழற்றிவிடுங்கள். பழைய கனெக்டர்களை வெட்டி எடுத்தபின் ஒரு முனையில் பிரவுனையும் வெள்ளை-பிரவுனையும் தோல் சீவி ஒன்றாக முறுக்கிவிட்டு, மறுமுனையில் அந்த இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளவு எடுங்கள். மீட்டர் ஒயர்களை ஒன்றோடொன்று தொட வைத்தால் வரும் அளவைக் கழித்துவிடுங்கள். 20 மீட்டர் நல்ல செம்பு என்றால் 3.5 ஓம் அல்லது அதற்கும் குறைவு. 5 ஓமைத் தாண்டினால் சிசிஏ என்றே சந்தேகியுங்கள். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும், சந்தேகம் தீரும். சிசிஏ-வைக் கனெக்டர் மாற்றிக் காப்பாற்ற முயல வேண்டாம். மடக்கினால் ஒடியும், க்ரிம்ப் நாளடைவில் தளரும்.

செம்புதான் என்றால் இப்படிச் செய்யுங்கள். மேல்தோலை 3 சென்டிமீட்டர் உரித்து, கம்பிகளை வரிசையாக்கி, 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கு பிரியாதபடி நறுக்குங்கள். கேட்6 கம்பி தடிமன், கேட்5இ கனெக்டரில் திணித்தால் பாதிதான் போகும். கேட்6 சாலிட் (ஒற்றைத் தடிக் கம்பி) கேபிளுக்கான கனெக்டர் என்று கேட்டு வாங்குங்கள். எட்டுக் கம்பியின் நுனியும் முன்சுவரைத் தொடுவது தெரிய வேண்டும், மேல்தோல் கனெக்டருக்குள் போய்க் கவ்வுக்கு அடியில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் சுவர்க் கேபிளை இரு முனையிலும் ஐஓ-வில் பன்ச் டவுன் செய்துவிட்டு (கம்பிகளை அதன் பள்ளங்களில் அழுத்திப் பதித்துவிட்டு), அங்கிருந்து தயார் பேட்ச் கார்டு போடுவதே மேல். சாலிட் கம்பி அடிக்கடி ஆட்டுவதற்கு ஏற்றதல்ல, டிவிக்குப் பின்னால் தூசி தட்டும்போதெல்லாம் அது ஆடும்.

ஒருவேளை கேபிளையே மாற்ற நேர்ந்தால் பழையதையே இழுகயிறாக வைத்துப் புதியதை அதோடு இன்சுலேஷன் டேப்பில் சுற்றி இழுக்கலாம். 11 கிலோவுக்கு மேல் பலம் கொடுக்கக் கூடாது, முறுக்கு நீண்டு கேபிள் உள்ளேயே கெடும். அந்தக் குழாயில் 230 வோல்ட் ஒயரும் போகிறதென்றால் இழுப்பதை நிறுத்திவிட்டு டிவி அல்லது டெலிபோன் குழாயைத் தேடுங்கள். இரைச்சல் ஒருபுறம் இருக்கட்டும், ஒயரின் தோல் உரசிக் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து.

திருவான்மியூர்_2வதுமாடி:

ஓம் அளவு 3.3. டி568பி வரிசையில் இரண்டு முனையும் ஐஓ போட்டாயிற்று. லிங்க் 1000, ஐபெர்ஃப் இரு திசையிலும் 941, 10 நிமிடம் ஓடவிட்டும் ரீட்ர் 0. கல்யாண வீடியோ தடங்கலின்றி ஓடுகிறது. நாஸின் சம்பா ஷேரிலிருந்து (நெட்வொர்க் ஃபோல்டர்) ஓடும்போது முன்னே தாவினால் மட்டும் 2, 3 விநாடி நிற்கிறது. இதுவும் நெட்வொர்க்கா?

பெரம்பூர்_ஸ்விட்ச்:

இல்லை, லைன் இனி சுத்தம். இது கோடியின் கேஷ், அதாவது வீடியோவை முன்கூட்டியே எடுத்து வைக்கும் நினைவகம். இயல்பாக அது வைத்திருப்பது 20 எம்பி. 100 எம்பிபிஎஸ் வீடியோவுக்கு (8 பிட் ஒரு பைட்) அது ஒன்றரை விநாடிச் சரக்கு. கோடி 21 என்றால் செட்டிங்ஸில் சர்வீசஸ், அதற்குள் கேஷிங் என்ற பகுதியில் 256 எம்பி ஆக்குங்கள். பழைய பதிப்பில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் ஃபைலில் எழுத வேண்டும். 8 ஜிபி ரேமுக்கு இது பாரமில்லை.

அதற்குப் பிறகும் நின்றால் கோடிக்குள்ளிருந்து சம்பா திறப்பதை விட்டுவிட்டு, நாஸில் என்எஃப்எஸ் (லினக்ஸ் வழக்கமான ஃபைல் பகிர்வு முறை) ஷேர் திறந்து டெபியனின் எஃப்எஸ்டேப் ஃபைல் வழியாக, பூட் ஆகும்போதே இணையும்படி மவுன்ட் செய்யுங்கள். நோஃபெயில் என்ற ஆப்ஷனைச் சேர்க்காமல் விடாதீர்கள், இல்லையென்றால் நாஸ் அணைந்திருக்கும் நேரத்தில் மினி பிசி பூட் ஆகாமல் தொங்கும்.

தாம்பரம்_லைன்:

லிங்க் விளக்கு எப்பவாவது தானா அணைஞ்சு எரிஞ்சா, எத்டூல்ல இஇஇ-யை ஆஃப் பண்ணிப் பாருங்க ப்ரோ. டேட்டா இல்லாத நேரத்துல போர்ட்டைத் தூங்க வைக்கிற மின்சேமிப்பு அது, சில ஸ்விட்ச்களோட ஒத்துப்போகாது. விளக்கு நிலையா இருந்தா அதைத் தொட வேண்டாம்.