முழுத்திரையில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்': 60 ஹெர்ட்ஸில் நிறுத்துவது எப்படி?

விண்டோஸ் 7, 64 பிட். விஜிஏ கேபிளில் 1280×1024 எல்சிடி மானிட்டர். டைரக்ட்டிரா (விண்டோஸின் பழைய 2டி கிராஃபிக்ஸ் வசதி) பயன்படுத்தும் பழைய கேம்களை முழுத்திரையில் திறந்தால் சத்தம் மட்டும் வருகிறது. திரையில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச், 85 ஹெர்ட்ஸ்' என்ற அறிவிப்பு. விண்டோவில் ஓட்டினால் சிக்கலே இல்லை. ஆகவே டிரைவர் பழுதாக இருக்காது. 640×480க்கு மாறும்போது கேம் கேட்கும் ரெஃப்ரெஷ் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பதை) மானிட்டர் ஏற்கவில்லை.

கேம் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள கம்பாட்டிபிலிட்டி டேப்பில் 640×480, 256 கலர் இரண்டையும் டிக் செய்தாயிற்று, பயனில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் டிஎக்ஸ்டயாக் என்ற டைரக்ட்எக்ஸ் சோதனைக் கருவியிலேயே, ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்ற 'ஓவர்ரைடு' பட்டன் இருந்தது, அருமையான வசதி. 7இல் அது இல்லை.

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) டைரக்ட்டிரா கீயின் கீழ் 'ஃபோர்ஸ்ரெஃப்ரெஷ்ரேட்' என்று டிவேர்டு (எண் மதிப்பு) உருவாக்கி, டெசிமலில் 60 கொடுத்தால் 7 மதிக்குமா? கேம் 32 பிட் என்பதால் 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம்களுக்கென உள்ள 'வாவ்6432நோட்' பகுதியில்தான் சேர்க்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.