கழுத்து லைன் ட்ரெசிங் நிற்குதில்லை: ஐசியூ அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

மட்டக்களப்புப் பக்கம் ஒரு ஐசியூவில் தாதியாக இருக்கிறேன். கச்சான் காற்று (வெயில் காலத்துச் சூடான காற்று) தொடங்கியதிலிருந்து, கழுத்து நாளத்தில் போடும் மூன்று வழி சென்ட்ரல் லைனின் (இதயத்துக்கு அருகே வரை போகும் மருந்துக் குழாய்) ட்ரெசிங் வியர்வையில் ஓரம் கிளம்புகிறது. 7 நாள் நிற்க வேண்டிய கண்ணாடி போன்ற ஒட்டுத்தாள் ட்ரெசிங் மறுநாளே கழன்றுவிடும். தாடி வைத்தவர்களுக்கு இன்னும் மோசம். அண்மையில் ஒருவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். லைனிலும் கையிலும் எடுத்த இரத்தக் கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை) இரண்டிலும் ஒரே கிருமி, லைன் வழியாகத் தொற்றியதோ என்று சந்தேகம்.

2% குளோரெக்சிடின் ஸ்பிரிட் (கிருமிநாசினி) பூசி, நன்றாகக் காயவிட்டுத்தான் ஒட்டுகிறோம். முடியைக் கத்தரித்தோம், சவரம் செய்யவில்லை. காஸ் துணி வைத்தும் பார்த்தோம். அதை 2 நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும், உள்ளே சிவந்தாலும் தெரியாது. ஹப் (லைனின் வெளி இணைப்பு முனை) தேய்த்துச் சுத்தம் செய்வது, தேவை முடிந்த லைனை அன்றே எடுப்பது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஏசி திருத்தக் கடிதம் போட்டாயிற்று, அது வரும்போது வரட்டும்.

வியர்க்கும் கழுத்தில் ட்ரெசிங் கழலாமல் நிற்க உங்கள் வார்டில் என்ன செய்கிறீர்கள்?