டார் ரிலே நடத்துறவங்களுக்கு என்ன கைம்மாறு செய்யலாம்?

பாளை_பென்குயின்:
அண்ணாச்சிமாரே, எங்க பாளையங்கோட்டை லினக்ஸ் குழுவில ஆறு பேர் டார் ரிலே நடத்துறாங்க (இணையத்தில யார் எதைப் பார்க்கிறாங்கன்னு தெரியாம இருக்க, மத்தவங்க டேட்டாவைக் கைமாத்தி விடுற சர்வர்). நாலு பேர் வாடகை விபிஎஸ்ல (ஹோஸ்டிங் கம்பெனியோட மெய்நிகர் சர்வர்ல), ரெண்டு பேர் வீட்டு ஃபைபர்ல. சந்தா 24,000 ரூபா சேர்ந்திருக்கு. அவங்கவங்க கடத்துற டேட்டாவுக்கு ஏத்தபடி பிரிச்சுக் கொடுக்கலாமா?

வண்ணார்பேட்டை_ரூட்:
டேட்டா கணக்கே வேண்டாம். ரிலே தானா அறிவிக்கிற வேகத்தைக் கூட்டிச் சொல்லிடலாம். அதனாலதான் டார்ல தனி அளவீட்டு சர்வர்கள் வெளியிலிருந்து சோதிச்சு எடை போடுது. அந்த எடைக்கே காசுன்னு வச்சாலும், எல்லாரும் மலிவா வேகமா கிடைக்கிற ஒரே ஜெர்மன் ஹோஸ்டிங்குக்கு ஓடுவாங்க. அங்க ஏற்கெனவே ரிலே குவிஞ்சு கிடக்கு. ஒரே கம்பெனியோட கேபிள்ல எல்லாம் போனா, வேவு பார்க்கிறவனுக்கு வேலை மிச்சம்.

புது ரிலேக்கு முதல் மூணு நாள் டேட்டா ரொம்பக் கொஞ்சமாத்தான் வரும். எட்டு நாள் வாக்குல கார்டு கொடி (பயனர் முதல்ல தொடுற ரிலேயா இருக்கலாம்ங்கிற அடையாளம்) கிடைச்சதும் வர்ற டேட்டா திடீர்னு குறையும். நிலைக்கு வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். டேட்டாவுக்குக் காசுன்னா, அந்தச் சரிவைப் பழுதுன்னு நினைச்சு சர்வரை அழிச்சுப் புதுசா நிறுவுவாங்க. ரிலேயோட அடையாளச் சாவியும் போய், திரும்ப முதல் நாள்லேருந்து ஆரம்பம்.

வாடகை ரசீதைப் பார்த்து, ஆளுக்கு ஒரு உச்சவரம்பு வச்சு அந்தப் பணத்தைக் கொடுங்க. ரெண்டு மாசம் விடாம ஓடியிருக்கணும்ங்கிறது போதும். டார் புராஜெக்ட் டி-ஷர்ட் கொடுக்க வச்ச கணக்கும் அதுதான்: ரெண்டு மாசம், சராசரி நொடிக்கு 500 கேபி, எக்சிட்டுக்கு (டேட்டா டாரை விட்டு வெளியேறுற கடைசி ரிலேக்கு) 250.

பிளானையும் பாருங்க. 10 எம்பிபிஎஸ் முழுசா ஓடினா மாசம் உள்ளே 3.2 டிபி, வெளியே 3.2 டிபி. ரெண்டு திசையையும் எண்ணுற 2 டிபி பிளான் பத்து நாள்கூடத் தாங்காது.

மேலப்பாளையம்_நெட்:
வீட்டு ரெண்டு பேருக்கும் முதல்ல ரவுட்டர்ல வான் (WAN) ஐபியை, அதாவது வெளிப்பக்க முகவரியைப் பாருங்க. 100.64-லிருந்து 100.127-க்குள்ள இருந்தா சிஜிநாட், அதாவது பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர்ற முறை. வெளியிலிருந்து ஓஆர்போர்ட்டை (ரிலே இணைப்பு ஏத்துக்கிற வாசலை) எட்ட முடியாது, ரிலே பட்டியல்லயே வராது. அவங்க ஸ்னோஃபிளேக் பிராக்ஸி (டாரைத் தடுக்கிற நாட்டுக்காரங்களுக்கு வழி விடுற சின்ன புரோகிராம்) ஓட்டட்டும்.

பொது ஐபி இருந்தாலும் வீட்ல ரிலே வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து. ரிலே முகவரிகள் பகிரங்கம். சில பேங்க் சைட் அந்த ஐபியையே தடுத்துடும், வீட்ல உள்ளவங்க முழிப்பாங்க. எக்சிட்டை வீட்ல நினைச்சே பார்க்காதீங்க. ஒபிஎஃப்எஸ்4 பிரிட்ஜ் (பொதுப் பட்டியல்ல வராத மறைவு நுழைவு ரிலே) வைக்கலாம், 1 எம்பிபிஎஸ் போதும்.

இவங்களுக்குப் பணத்தைவிட 12 வோல்ட் மினி யூபிஎஸ் உதவும். நம்ம ஊர்ல கரண்ட் போனா லைனும் அறுந்துடுதே. வாங்குமுன்ன ஓஎன்டி (ஃபைபர் வந்து சேர்ற பெட்டி), ரவுட்டர் ரெண்டோட அடாப்டர் லேபிளையும் பார்த்து ஆம்பியரைக் கூட்டிக்கோங்க; பின் அளவும் பொருந்தணும்.

பாளை_பென்குயின்:
நன்றி அண்ணாச்சி. எல்லா சர்வர் லாகினையும் குழுச் செயலாளர்கிட்ட கொடுத்து வைக்கலாமா? ஆண்டு விழாவில பேரும் சர்வர் முகவரியும் போட்டுக் கௌரவிக்கிறதா இருக்கோம்.

வண்ணார்பேட்டை_ரூட்:
லாகின் கூடவே கூடாது. ஒரே கையில நாலு ரிலே இருந்தா அதை மைஃபேமிலியில (இதெல்லாம் ஒரே ஆளோடதுன்னு சொல்ற அமைப்புல) அறிவிச்சே ஆகணும்; அப்புறம் ஒரே சர்க்யூட்ல (டேட்டா போற ரிலேச் சங்கிலியில) டார் அதுல ரெண்டைச் சேர்க்காது. அறிவிக்காம விட்டா, ஒருத்தர் முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் பார்க்கிற நிலை வரும். ரசீது பார்க்கிறதோட நிறுத்திக்கோங்க.

மேலப்பாளையம்_நெட்:
பிரிட்ஜ் முகவரியை மேடையில போடாதீங்க. அது வெளியே தெரியாம இருக்கிறவரைதான் பிரயோஜனம். தெரிஞ்சா தடை போடுற நாட்டில அன்னைக்கே அடைச்சுடுவான். பேர் போடுறதையும் அவங்கவங்க சம்மதம் கேட்டுப் போடுங்க. ஆளுக்கொரு பத்தமடைப் பாய் கொடுங்க, எதுக்குன்னு மேடையில விளக்க வேண்டாம்.