0.7 சதவீத உதவி: பிரிட்டன் தேர்தல் அறிக்கைகளில் இந்த வாக்குறுதிக்கு என்ன பொருள்?

கேள்வி – அரசறிவியல் மாணவி

முதுகலை ஆய்வுக்காகப் பிரிட்டன் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை 2010 முதல் 2024 வரை வரிசையாகப் படித்து வருகிறேன். 2010இல் மூன்று பெரிய கட்சிகளுமே 2013ஆம் ஆண்டுக்குள் மொத்தத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தன. 2013இல் அந்த அளவு எட்டப்பட்டது. 2015இல் அது சட்டமாகவும் ஆனது. 2019 கன்சர்வேட்டிவ் அறிக்கை அந்த உறுதியைப் பெருமையோடு காப்போம் என்றது. ஆனால் மறு ஆண்டு நவம்பரிலேயே, 2021 முதல் 0.5 சதவீதம்தான் என்று அதே கட்சியின் அரசு அறிவித்தது. அறிக்கையில் வாக்கும் சட்டப் புத்தகத்தில் கடமையும் இருக்கும்போது இது எவ்வாறு நடந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – பழைய வக்கீல்

தேர்தல் அறிக்கையை வைத்து நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்பது தங்களுக்குத் தெரிந்ததே. மேலவையான பிரபுக்கள் அவை, ஆளுங்கட்சியின் தேர்தல் அறிக்கையில் இடம்பெற்ற மசோதாவை இரண்டாம் வாசிப்பில் தோற்கடிப்பதில்லை என்ற சாலிஸ்பரி மரபு ஒன்று உண்டு; ஆனால் அது அரசு தன் வாக்கை நிறைவேற்ற உதவுமே தவிர, வாக்கை மீறும் அரசைத் தடுக்காது.

சுவாரசியம் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது. இலக்கை எட்டுவது அமைச்சரின் கடமை என்று முதற்பிரிவு சொல்கிறது. எட்டாவிட்டால் என்ன செய்வது? நாடாளுமன்றத்தில் ஒரு விளக்க அறிக்கை வைத்தால் போதும். பொருளாதார நிலை, அரசின் நிதிநிலை, நாட்டுக்கு வெளியே எழுந்த சூழல் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டலாம் என்று சட்டமே எடுத்துக் கொடுக்கிறது. கடமை தவறியதால் அரசின் எந்தச் செயலும் செல்லாததாகிவிடாது என்ற பாதுகாப்பும் உண்டு. பூட்டைச் செய்தவர்களே சாவியையும் அதிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்தக் குறைப்பு குறித்து 2021 ஜூலை 13 அன்று கீழவையான காமன்ஸ் சபையில் நடந்த வாக்கெடுப்பில் 333க்கு 298 என்ற வாக்குகளில் அரசு வென்றது. முன்னாள் பிரதமர் தெரசா மே தம் கட்சிக்கு எதிராக வாக்களித்தார். அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்காத நிலையும், கடன் சுமை குறையும் போக்கும் நீடித்து நிலைக்கும் என்று தெரிந்த பிறகே 0.7க்குத் திரும்புவோம் என்பது அன்றைய நிபந்தனை.

பதில் – எச்சம்

முந்தைய பதிலோடு 2024 லேபர் அறிக்கையைச் சேர்த்துப் படியுங்கள். நிதிநிலை இடங்கொடுத்தவுடன் 0.7 சதவீதத்தை மீட்டெடுக்க உறுதிபூண்டிருக்கிறோம் என்பது அதன் சாரம். சட்டத்தில் சாக்காக இருந்த 'நிதிநிலை' இங்கே வாக்குறுதிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது! தமிழில் பெயர்க்கும்போது இது நன்றாகத் தெரியும்: வினைமுற்று எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதற்கு முன்னால் நிற்கும் வினையெச்சம்தான் வாக்கியத்தை ஆள்கிறது. தேர்தலில் வென்ற லேபர் கட்சியின் பிரதமர் ஸ்டார்மர், 2025 பிப்ரவரியில், பாதுகாப்புச் செலவை உயர்த்துவதற்காக உதவியை 2027க்குள் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். வளர்ச்சித் துறை அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் சில நாள்களில் பதவி விலகினார். என்றாலும் அறிக்கையின் வாசகம் மீறப்பட்டதாக இலக்கணப்படி யாரும் நிறுவ முடியாது. என் கருத்தில் 2019இன் வாக்கு மீறப்பட்டது. 2024இன் வாக்கோ மீறப்பட முடியாதபடி எழுதப்பட்டது.

பதில் – கணக்குப்பிள்ளை

சதவீதத்தை மட்டும் ஒப்பிட்டால் ஆய்வு பிசகிவிடும். அகதிகளாக வருவோருக்கு முதல் ஆண்டில் உள்நாட்டிலேயே ஆகும் செலவையும் வெளிநாட்டு உதவியில் சேர்க்கச் சர்வதேச விதிகள் இடம் தருகின்றன. 2023இல் பிரிட்டனின் உதவித் தொகையில் கால் பங்குக்கும் மேல் இவ்வாறுதான் போயிற்று. பிரிட்டனுக்குள்ளேயே இருக்கும் ஒரு விடுதியின் அறை வாடகை, ஏட்டில் வெளிநாட்டு உதவியாக ஏறுகிறது. 2017 கன்சர்வேட்டிவ் அறிக்கை 0.7ஐக் காப்போம் என்று சொல்லிவிட்டு, எதையெல்லாம் உதவி என்று கொள்வது என்ற விதிகளை மாற்ற முயல்வோம் என்றும் எழுதியிருந்ததைக் கவனித்தீர்களா?

மீண்டும் – அரசறிவியல் மாணவி

மிக்க நன்றி. 2017 அறிக்கையில் அந்த வரியை நான் தாண்டிப் போயிருக்கிறேன். குறைப்போம் என்று வெளிப்படையாகச் சொல்லும் கட்சிகளை எந்த வரிசையில் வைப்பது?

பதில் – எச்சம்

தனி வரிசையில் வையுங்கள், ஏனெனில் அவர்கள் எண்ணை நிபந்தனையின்றிச் சொல்கிறார்கள். 2015இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கோரிய யூகிப் கட்சி 0.2 சதவீதம் என்றது. 2024இல் ரிஃபார்ம் யூகே கட்சி, தன் ஆவணத்துக்கு 'ஒப்பந்தம்' என்று பெயரிட்டு, உதவியைப் பாதியாக வெட்டுவோம் என்றது. அப்போது 0.5ஐ இலக்காகக் கொண்டிருந்த நாட்டில் அதன் பொருள் 0.25. உயர்த்துவோம் என்று சொல்லி வென்ற லேபர் கட்சி 2027க்கு அறிவித்த அளவு 0.3.