சிறுநீரில் அல்புமின் புரதம் பார்க்கும் ஃபைபர் சென்சார்: தங்கம் கழன்று வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தர்மபுரியில் கல்லூரி ஆய்வகத்தில் செய்யும் வேலை இது. 200 மைக்ரான் சிலிக்கா ஃபைபரில் 1 செ.மீ. உறை நீக்கி, தீயில் யு வடிவில் வளைத்து, அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரான்ஹா கரைசலில் கழுவுகிறோம் (புதிதாகச் செய்பவர்கள் அதை மூடிவைக்காதீர்கள், பாட்டில் வெடிக்கும்). பிறகு எத்தனாலில் 1% ஏபிடிஇஎஸ் (கண்ணாடியில் தங்கத்தைப் பிடித்துவைக்கும் சிலேன்), சிட்ரேட் தங்க நானோதுகள், எம்யூஏ (தங்கத்தில் ஒட்டும் தயோல் அமிலம்), ஈடிசி–என்ஹெச்எஸ் (அந்த அமிலத்தோடு ஆன்டிபாடியை இணைப்பவை), அல்புமினைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்று வரிசையாக ஏற்றுகிறோம். வேறு எதுவும் ஒட்டாமல் தடுக்க பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) போடவில்லை. பாலிகுளோனல் ஆன்டிபாடி மாட்டு அல்புமினையும் பிடித்துத் தொலைக்கும். அதனால் பால் புரதமான கேசீன். ஒளிக்கு 525 நா.மீ. பச்சை எல்இடி, மறுமுனையில் போட்டோடயோடு. அல்புமின் ஒட்டினால் மறுமுனைக்கு வரும் ஒளி இறங்கும்.

பிபிஎஸ் (பாஸ்பேட் உப்பு) கரைசலில் அல்புமின் அழகாகத் தெரிகிறது. சிறுநீர் என்றால்தான் தகராறு. உப்பும் யூரியாவும் ஒளிவிலகல் எண்ணை ஏற்றுவதால் வரும் இறக்கம் பிபிஎஸ்ஸில் அலசினால் போய்விடும், அது பரவாயில்லை. ஆனால் ஆன்டிபாடி இல்லாத ஒப்பீட்டு ஃபைபரிலும் அலசிய பிறகு கொஞ்சம் இறக்கம் நிற்கிறது. இன்னொன்று, வெறும் பிபிஎஸ்ஸில் வைத்தாலே ஒளி மெல்ல ஏறுகிறது. எல்இடி சூடாகி நிலைத்த பிறகும் ஏறுகிறது என்றால் தங்கம் கழல்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஈரக்காற்றில் ஏபிடிஇஎஸ் கட்டிகட்டியாகப் படிவதுதான் காரணம் என்று சந்தேகம்.

ஏபிடிஇஎஸ்ஸுக்கு எத்தனாலை விட்டு ஈரமற்ற டொலுவீனுக்கு மாறி, 110 டிகிரியில் சுட்டுப் பார்த்தவர்கள் உண்டா? சிறுநீரில் உள்ள மற்றவை ஒட்டுவதைக் குறைக்க 0.05% ட்வீன்-20 (சோப்பு போன்ற பொருள்) போதுமா, பெக்-தயோல் (தங்கத்தின் மேல் புரதம் ஒட்டாமல் காக்கும் பூச்சு) கலக்க வேண்டுமா? ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஃபைபர் முனையை நேராக வெட்டும் கிளீவரும் 400–700 நா.மீ. ஸ்பெக்ட்ரோமீட்டரும் ஒரு நாள் தர முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஃபைபரை நாங்களே கொண்டுவருகிறோம்.