மறு: ஸ்டென்ட் நழுவலா, பெயர்ச்சியா, பிசகலா?

வணக்கம்.

உடம்புக்குள் இருக்கும் குழாய்கள் அடைபடாமல் இருக்க உள்ளே வைக்கும் சின்னக் குழாய்தான் ஸ்டென்ட். அது வைத்த இடத்தை விட்டு நகர்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, 'ஸ்டென்ட் பெயர்ச்சி' என்று நண்பர் முன்வைத்ததைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அதைக் கேட்டால் எந்த ராசிக்கு, பரிகாரம் என்ன என்றுதான் விசாரிப்பார்கள். 'இடப்பெயர்வு' எனக்கு இன்னும் சங்கடம். ரப்பர் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது தொழிலாளர்களின் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்களைப் பற்றிப் பேசும் சொல் அது. 1960இல் இங்குள்ள இந்தியர்களின் தலைவரான துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். அதைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குக் கொடுக்க மனசு வரவில்லை.

'ஸ்டென்ட்'டை மொழிபெயர்க்க வேண்டாம் என்பதே என் கட்சி. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த பல் மருத்துவர் சார்ல்ஸ் ஸ்டென்ட்டின் பெயர்தான் அது. வாட், வோல்ட்டை எல்லாம் நாம் மொழிபெயர்க்கவில்லையே.

'நழுவல்' முதலில் எனக்கும் பிடித்திருந்தது. பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், வெட்டுக்குக் கீழே செருகியிருக்கும் தகரம் கழன்றால், பால் மங்கில் (பால் பிடிக்கும் கோப்பையில்) விழாமல் பட்டையோடு வழியும். தகரம் நழுவிடுச்சு என்பார்கள். உணவுக்குழாயின் அடியில் வைத்த ஸ்டென்ட் வயிற்றுக்குள் விழுவதற்கு இது அழகாகப் பொருந்தும். அங்கே கீழ்முனை வயிற்றுக்குள் தொங்குகிறது, பற்றிக்கொள்ளச் சுவர் இல்லை. மேலிருந்து உணவுக்குழாய் அலையலையாகத் தள்ளுகிறது. உறை போடாத கம்பிவலை ஸ்டென்ட் என்றால் வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். முழுக்க உறை போட்டதில் அந்தப் பிடி கிடையாது. திரும்ப எடுக்க வசதி, நகரவும் வசதி!

ஆனால் பக்கத்து வீட்டு அத்தைக்கு நடந்தது வேறு. பித்தநாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட். இடத்திலேயே நிற்பதற்காக இரண்டு முனையிலும் சின்னச் சின்னச் செதில் சீவி விட்டிருப்பார்கள். அப்படியும் அது நாளத்துக்குள் மேலே ஏறிவிட்டது. மறுபடி மஞ்சள் காமாலை, காய்ச்சல். மேலே ஏறியதை 'நழுவல்' என்று எப்படிச் சொல்வது?

மருத்துவர் மலாயில் 'டா லாரி' என்றாராம். அத்தை அதை அப்படியே தமிழாக்கி, "டியூப் ஓடிப்போச்சாம் தம்பி" என்று நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஓடிப்போனது நெஞ்சுக்குத்தான் என்று பயம். எண்டோஸ்கோப்பி வழியாகவே அதை எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள் என்பது அப்புறம். அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பயத்துக்குக் காரணம் ஒரு சொல்தான்.

அதனால் நான் சொல்வது: 'இடம்பிசகல்'. நரம்பு பிசகிடுச்சு, மூட்டு பிசகிடுச்சு என்று நாம் தினமும் சொல்வதுதான். உடம்புக்குள் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்கிறது, போன திசையைச் சொல்வதில்லை. வயிற்றில் வைத்த உணவூட்டு குழாயின் பலூன் முன்னால் போய் இரைப்பை வாயிலை அடைத்தாலும் இதுவே பொருந்தும். எடை குறைய இரைப்பையைச் சுற்றிப் போடும் பட்டை சறுக்கினாலும் இதுவே. அந்தப் பட்டை இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகுவதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனியே 'அரித்துப்புகல்' வேண்டும்.

பிசகல் என்றால் எண்ணெய் தடவி உருவப் போய்விடுவார்களே என்று ஈப்போ அக்கா கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். 'ஸ்டென்ட் இடம்பிசகல்' என்று சேர்த்தே எழுதினால் அந்தக் குழப்பம் குறையும் என்று நினைக்கிறேன்.

நேற்று அத்தையிடமே சொல்லிப் பார்த்தேன்: "அன்னிக்கு டியூப் இடம் பிசகியிருந்திச்சு அத்தை, அவ்வளவுதான்." உடனே கேட்டார்: "எந்தப் பக்கம், மேலயா கீழயா?"

அந்த இரண்டையும் 'மேற்பிசகல்', 'கீழ்ப்பிசகல்' என்று குறித்து வைத்திருக்கிறேன். புணர்ச்சி சரியா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.