ரோட்ஸ் தீவில் வாங்கிய செராமிக் தட்டு: கையால் வரைந்ததுதானா?

கயல்:
கிரீஸ் போயிருந்தபோது ரோட்ஸ் தீவில், லிண்டோஸ் ஊர்ச் சந்து ஒன்றில் ஒரு அலங்காரத் தட்டு வாங்கினேன். நடுவில் பாய் விரித்த கப்பல், ஓரம் சுற்றிலும் டூலிப் பூவும் கார்னேஷன் பூவும். நீலம், பச்சை, அப்புறம் தக்காளிச் சிவப்பு. அண்ணன் பட்டறையில் கையால் வரைந்தது, பழைய கிரேக்கக் கலை என்றார் கடைக்கார அம்மா. வீட்டில் எல்லாரும் இது அச்சு என்று சாதிக்கிறார்கள். கடையில் இதே கப்பல் போட்ட தட்டு நிறைய இருந்தது உண்மைதான். எப்படிக் கண்டுபிடிப்பது? இதில் சாப்பிடலாமா?

சேகர்:
ஒரு லென்ஸ் எடுத்துப் பாருங்கள். பத்திரிகைப் படத்தில் தெரிவதுபோல ஒரே சீராகப் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு ஒட்டியது.

வண்ணக்கிளி:
சேகர் சொன்னது சரி. நான் செராமிக்கில் வண்ண வேலை செய்கிறவள், ரோட்ஸ் பட்டறைகளில் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் சிவப்பைத் தடவுங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் நல்ல அறிகுறி. இரும்பு மிகுந்த களிமண்ணைக் குழைத்துத் தடிமனாக வைப்பது பழைய முறை. மேடாக இல்லையென்றாலும் கவலை வேண்டாம், இப்போது ஆயத்த நிறமிகள் கிடைக்கின்றன. அடுத்து நீல இதழ்கள். தூரிகை அழுந்திய இடத்தில் அடர்ந்து, எடுத்த இடத்தில் வெளிறியிருக்கும். பக்கத்துப் பக்கத்து இரண்டு இதழ்களை ஒப்பிட்டாலே போதும்.

ஒரே கப்பல் பல தட்டுகளில் இருந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஊசியால் குத்திய தாளைத் தட்டின் மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டுவார்கள். விழுந்த புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு கறுப்புக் கோடு இழுப்பார்கள். கரி சூளையில் எரிந்துபோகும். படம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு தட்டிலும் கோடு புதிதாக இழுத்தது.

அந்தப் பூக்கள் வந்த வழி கிரீஸிலிருந்து இல்லை. துருக்கியின் இஸ்னிக் ஊரில் 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் பட்டறைகள் வரைந்த பூக்கள் அவை. லிண்டோஸ் வீடுகளில் இஸ்னிக் தட்டுகளைச் சுவர் நிறைய மாட்டி வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகம் அங்கிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றை வாங்கியது. அங்கே கிடைத்ததால் அங்கேயே செய்தது என்று நம்பி, ஐரோப்பாவில் அவற்றை ரோட்ஸ் தட்டுகள் என்றே விற்றார்கள், எழுதினார்கள். தீவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்கள் ஒரு கப்பலை மடக்கி, அதிலிருந்த பாரசீகக் குயவர்களை லிண்டோஸில் குடிவைத்தார்கள் என்று ஒரு கதையும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வீரர்கள் தீவை ஒட்டோமான்களிடம் இழந்தது 1522இல். மேடான சிவப்போ 1550களில்தான், இஸ்தான்புல் சுலைமானியே மசூதியின் ஓடுகளில் தலைகாட்டுகிறது. கணக்கு இடிக்கிறதே!

இதனால் உங்கள் தட்டின் மதிப்பு துளியும் குறையாது. இத்தாலியர் ஆட்சியில், 1920களின் பிற்பகுதியில் ரோட்ஸில் இகாரோ என்ற செராமிக் ஆலை தொடங்கி, இஸ்னிக் வடிவங்களை மறுபடி வரையச் செய்தது. 1947இல் தீவு கிரீஸோடு சேர்ந்த பிறகும் இகாரோஸ் என்ற பெயரில் நடந்தது. இன்று சிறு பட்டறைகளில் அந்தக் கை தொடர்கிறது. பூ இஸ்னிக்குடையது, வரைகிற பழக்கம் ரோட்ஸுடையது. இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது என் கட்சி.

கயல்:
அக்கா, சிவப்பு மேடாகத்தான் இருக்கிறது! கப்பலின் பாயில் ஒரு கோடு பாதியில் விட்டு, மறுபடி தொட்டு இழுத்தது தெரிகிறது. ஒரு இலையின் பச்சை கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. நேற்று வரை அதை ஒரு குறையாக நினைத்திருந்தேன். சாப்பாட்டுக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுங்கள்.

வண்ணக்கிளி:
அந்தப் பாய்க் கோடு போதும்மா, கை வேலைதான். சாப்பிட வேண்டாம். அலங்காரத் தட்டுகளின் மெருகில் ஈயம் இருக்கலாம். எலுமிச்சை, புளி, தயிர் மாதிரிப் புளிப்பு பட்டால் அது கரைந்து உணவில் இறங்கும். பின்பக்கம் அடிவளையத்தில் துளை இருந்தால், மாட்டுவதற்காகவே செய்தது. அதில் கம்பி கோத்து மாட்டுங்கள். விளிம்பைக் கவ்வுகிற ஸ்பிரிங் மாட்டி மட்டும் வேண்டாம், மெருகு ஓரத்தில் பெயர்ந்துவிடும்.